பாக்கெட்டின் பின்பக்கம்: இந்த முறை 471

போன இதழில் போகிற போக்கில், “471 என்ற எண்ணைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்” என்று ஒரு வரி எழுதிவிட்டேன். உணவுப் பாக்கெட்டில் ‘எமல்சிஃபையர்’ என்ற சேர்பொருளுக்குப் பக்கத்தில் போட்டிருக்குமே, அந்த 471. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மட்டும் ஒரு பை நிறைய இருக்கின்றன. வேறு எண்களைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் உணவு ஆலைகளின் ஆய்வகங்களில் 28 வருடம் வேலை பார்த்தவள். பாதிக் காலம் ஐஸ்கிரீம், மீதிக் காலம் பேக்கரி. ஓய்வு பெற்றாயிற்று. இப்போது எந்த ஆலையிலும் சம்பளம் வாங்கவில்லை. யாருக்காகவும் பரிந்து பேசவேண்டிய கட்டாயமும் இல்லை.

கேள்வி: ரொட்டி, ஐஸ்கிரீம், மார்ஜரின் மூன்றின் பாக்கெட்டிலும் ‘எமல்சிஃபையர் 471’ என்று போட்டிருக்கிறது. “சோப்பில் இருப்பதைத்தான் இதிலும் போடுகிறார்கள்” என்று என் தம்பி மனைவி ஒரு தகவல் அனுப்பினாள். நிஜமா மேடம்?

பதில்: தம்பி மனைவியோடு சண்டை போட்டுவிடாதீர்கள். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. சோப்பும் 471-ம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். குணம்தான் வேறு.

எந்தச் சமையல் எண்ணெயை எடுத்துக்கொண்டாலும், அதன் மூலக்கூறு மூன்று வால் வைத்த பூச்சி மாதிரி இருக்கும். உடம்பு கிளிசரால், வால்கள் கொழுப்பு அமிலங்கள். ஒரு வாலைக் கழற்றினால் டைகிளிசரைடு. இரண்டைக் கழற்றினால் மோனோகிளிசரைடு. இந்த இரண்டும் கலந்த கலவைக்குத்தான் 471 என்று எண். மூன்று வால்களையும் கழற்றி, காரத்தோடு சேர்த்துவிட்டால் அது சோப்பு.

வால் கழன்ற இடத்தில் கிளிசரால் வெளியே தெரிகிறது. அதற்குத் தண்ணீர் பிடிக்கும். மிச்சமிருக்கும் வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கிற எல்லைக்கோட்டில் இது போய் உட்கார்ந்து, தலையைத் தண்ணீரிலும் வாலை எண்ணெயிலும் நீட்டிக்கொள்ளும். எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகாமல் தடுக்கும். எமல்சிஃபையர், அதாவது பால்மமாக்கி என்ற பேர் இதனால் வந்ததுதான்.

தம்பி மனைவிக்கு இன்னொரு செய்தியையும் திருப்பி அனுப்புங்கள். நாம் சாப்பிடும் எந்தக் கொழுப்பையும் கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் நொதி இப்படித்தான் வெட்டுகிறது. இரு பக்க வால்களை நறுக்கிவிட்டு, நடு வாலோடு மோனோகிளிசரைடாக விட்டுவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாளில் 60 கிராம் கொழுப்பு சாப்பிட்டால், செரிமானத்தின் நடுவே குடலுக்குள் 20 கிராமுக்கு மேல் மோனோகிளிசரைடு உருவாகும். பித்தநீரோடு கலந்து, குடல் சுவருக்குள் போய், அங்கே மறுபடியும் மூன்று வால் பூச்சியாகக் கட்டப்படும்.

ஆலையில் செய்வது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். எண்ணெயையோ கொழுப்பையோ கிளிசராலோடு சேர்த்து, கொஞ்சம் காரம் போட்டு, 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். வால்கள் இடம் மாறிக்கொள்ளும். அப்படியே எடுத்தால் மோனோவும் டையும் கலந்து வரும். வெற்றிடத்தில் வடித்தெடுத்தால் 90 சதவீதத்துக்கு மேல் மோனோ இருக்கும் வெள்ளைப் பொடி கிடைக்கும். கையில் எடுத்தால் மெழுகுவத்தியைச் சீவிய தூள் போல இருக்கும். விரலில் தேய்த்தால் வழுக்கும்.

காரம் போடுகிறார்கள் என்றேன் அல்லவா, அதனால் கொஞ்சம் சோப்பும் உண்டாகத்தான் செய்யும். ஐரோப்பியத் தரவிதியே 471-ல் 6 சதவீதம் வரை சோப்பு இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பயந்துவிடாதீர்கள், கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ஐஸ்கிரீமில் 0.3 கிராம் 471 போட்டால், அதில் அதிகபட்ச சோப்பு 18 மில்லிகிராம். நாக்குக்கே தெரியாது.

கேள்வி: நான் சைவம். 471 சைவமா, அசைவமா?

பதில்: எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. பனை எண்ணெயிலிருந்தும் செய்யலாம், சோயா எண்ணெயிலிருந்தும் செய்யலாம், மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். எதிலிருந்து வந்தாலும் மூலக்கூறு அதேதான், எண்ணும் அதேதான். இன்று சந்தையில் பெரும்பகுதி தாவர எண்ணெயிலிருந்து வருகிறது என்பது உண்மை. ஆனால் “பெரும்பகுதி” என்பது உங்களுக்குப் போதாது என்று எனக்குப் புரிகிறது. ‘தாவர மூலம்’ என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் சரி. இல்லையென்றால் தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். “471 எந்த மூலத்திலிருந்து” என்று நேராகக் கேளுங்கள். “எங்கள் பொருள் தரமானது” என்று பதில் வந்தால், அது பதில் இல்லை.

கேள்வி: பாலில் கொழுப்பு ஏற்கெனவே நன்றாகக் கலந்துதானே இருக்கிறது? அப்புறம் ஐஸ்கிரீமுக்கு எதற்கு எமல்சிஃபையர்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு கோப்பை ஐஸ்கிரீம் நானே வாங்கித் தரவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி இது. வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டேன்.

ஐஸ்கிரீமில் 471-ஐப் போடுவது கலப்பதற்காக இல்லை. கலவையைப் பாதி கெடுப்பதற்காக.

ஐஸ்கிரீம் கலவையை அழுத்தத்தில் சின்னத் துவாரம் வழியாகச் செலுத்திக் கொழுப்பை மிக நுண்ணிய துளிகளாக உடைப்பார்கள். உடைந்த ஒவ்வொரு துளியையும் பால் புரதம் ஒரு கம்பளி மாதிரி போர்த்திக்கொள்ளும். அது கனமான கம்பளி. துளியும் துளியும் முட்டிக்கொண்டாலும் ஒட்டாது. பாலுக்கு இது நல்லது. ஐஸ்கிரீமுக்கு ஆகாது. ஏனென்றால் ஐஸ்கிரீமில் கணிசமான பங்கு காற்று. அந்தக் காற்றுக் குமிழிகளைத் தாங்கிப் பிடிக்க, கொழுப்புத் துளிகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு ஒரு வலை பின்னவேண்டும்.

கலவையை 4 டிகிரியில் சில மணி நேரம் ஊற வைப்போம். அப்போது 471 துளியின் மேல் ஏறி, புரதக் கம்பளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தான் மெல்லிய துணியாகப் போர்த்திக்கொள்ளும். அதன் பிறகு உறைய வைக்கும் உருளைக்குள் கத்திகள் கடையும்போது, மெல்லிய துணி போர்த்திய துளிகள் மோதி, அரைகுறையாக ஒட்டிக்கொள்ளும். முழுசாக ஒட்டினால் வெண்ணெயாகிவிடும். அந்த அரைகுறைதான் வேண்டும். முட்டை மஞ்சள் கரு சேர்த்துச் செய்யும் பழைய முறை ஐஸ்கிரீமில் இதே வேலையை மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் செய்கிறது.

ஒரு இரவு ஷிப்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். உருளையின் குழாயிலிருந்து ஐஸ்கிரீம் வெளியே வரும்போது, துணி மாதிரி மங்கலாக, உலர்ந்து, மடிப்பு மடிப்பாக விழவேண்டும். அன்றைக்கு ஈரமாக, பளபளவென்று வழிந்து விழுந்தது. குளிர் போதவில்லை என்று இயந்திரத்துக்காரர் சொன்னார். வெப்பமானியில் குளிர் சரியாகத்தான் இருந்தது. ஒரு துண்டை வெட்டிக் கம்பிவலை மேல் வைத்தேன். பதினைந்து நிமிடத்தில் அடியில் குட்டை கட்டிவிட்டது. கலவைத் தொட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: பொடியைச் சூடான கலவையில் போடாமல், குளிர்ந்த பாலில் கொட்டியிருக்கிறார்கள். அது உருகவே இல்லை. தொட்டியின் ஓரத்தில் வெள்ளைச் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. பொடி கணக்குப்படி போடப்பட்டுவிட்டது, பதிவேட்டில் கையெழுத்தும் இருந்தது. வேலைதான் நடக்கவில்லை. அந்த ராத்திரி முழுத் தொட்டியையும் மறுபடி சூடாக்கினோம்.

கேள்வி: பேக்கரி ரொட்டி நாலு நாள் மெத்தென்று இருக்கிறதே, 471 கெட்டுப்போகாமல் பதப்படுத்துவதற்கா?

பதில்: இல்லை. ரொட்டி பூசணம் பிடிப்பது வேறு, காய்ந்து விறைப்பது வேறு. பூசணத்தைத் தள்ளிப்போட வேறு பொருள் போடுவார்கள் (கால்சியம் புரோப்பியோனேட், எண் 282). 471 பார்ப்பது விறைப்பை.

மாவுச்சத்தில் அமைலோஸ் என்று ஒரு நீளச் சங்கிலி உண்டு. சூட்டில் அது சுருள் கம்பியாகச் சுருண்டுகொள்ளும். பள்ளிக்கூடத்தில் மாவு மேல் அயோடின் விட்டு நீலமாக்கினோமே, அயோடின் போய் ஒளிந்துகொள்வது அந்தச் சுருளுக்குள்தான். 471-ன் வாலும் அதே சுருளுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று அடுக்கிக் கெட்டிப்பட முடியாது. விரலால் அழுத்தினால் ரொட்டி திரும்பி எழும்பும்.

ஒரு உபரித் தகவல்: ரொட்டியைக் குளிர்ப்பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்தால் வெளியே இருப்பதைவிட வேகமாக விறைக்கும். வைப்பதென்றால் உறைய வைக்கும் அறையில் வையுங்கள், அல்லது வெளியே வையுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயாளி 471 உள்ளதைச் சாப்பிடலாமா?

பதில்: 471 சர்க்கரையை ஏற்றாது. அது இருக்கும் கேக் ஏற்றும்.

கேள்வி: எமல்சிஃபையர்கள் குடல் பாக்டீரியாவைக் கெடுக்கின்றன, புற்றுநோய் வரும் என்றெல்லாம் செய்தி வருகிறது. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், பயப்படவேண்டுமா?

பதில்: இதே கேள்வியைப் பதினோரு பேர் கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்க மாட்டேன், ஆனால் கொஞ்சம் நீளமாகச் சொல்லியாகவேண்டும்.

முதலில் அதிகாரபூர்வ நிலை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 471-க்கு ‘இவ்வளவுதான் சாப்பிடலாம்’ என்ற தினசரி வரம்பு எதையும் வைக்கவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் பழைய கோப்புகளை எல்லாம் மறுபடி பிரித்துப் பார்த்துவிட்டு, எண் வைத்து வரம்பு தேவையில்லை, இப்போதுள்ள பயன்பாட்டில் கவலைக்கு இடமில்லை என்றது. காரணம், மேலே சொன்னதுதான்: உடம்பு இதைச் சாதாரணக் கொழுப்பு மாதிரியே செரித்துவிடுகிறது.

இனி குடல் விஷயம். இந்தப் பேச்சைப் பெரிதாகக் கிளப்பியது 2015-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு. சுண்டெலிகளுக்குக் குடிநீரில் 1 சதவீதம் எமல்சிஃபையர் கலந்து 12 வாரம் கொடுத்தார்கள். குடலின் கோழைப் படலத்தை நோக்கி பாக்டீரியா நெருங்கி வந்தது, லேசான அழற்சி வந்தது, எலிகள் குண்டாயின. ரொம்ப முக்கியமான ஆய்வு, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கொடுத்தது 471 இல்லை. ஒன்று கார்பாக்சிமீத்தைல் செல்லுலோஸ் (466). இன்னொன்று பாலிசார்பேட் 80 (433).

இந்த வித்தியாசத்தை நான் சொன்னால் “ஆலைக்காரி ஆலைக்குத்தான் பேசுவாள்” என்று நினைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 466 என்பது மரநாரிலிருந்து வருவது. நம்மால் செரிக்கவே முடியாது, அப்படியே பெருங்குடல்வரை போய்ச் சேரும். பாலிசார்பேட்டிலும் வால் மட்டும் செரிக்கும், தலையின் பெரும்பகுதி செரிக்காமல் கீழே போகும். பாக்டீரியாக் கூட்டம் குடியிருப்பது அந்தப் பெருங்குடலில். 471-ஓ சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு முடிந்துவிடும். ‘எமல்சிஃபையர்’ என்பது ஒரு வேலையின் பெயர். ஓட்டுநர் என்று சொல்வது போல. ஒரு ஓட்டுநர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்பதற்காக எல்லா ஓட்டுநர் உரிமத்தையும் பிடுங்க முடியாது.

மனிதர்களிடமும் 466-ஐச் சோதித்திருக்கிறார்கள். 16 ஆரோக்கியமான பேர், 11 நாள், ஆய்வகத்திலேயே தங்கி ஒரே சாப்பாடு. ஒரு பகுதியினருக்கு மட்டும் தினமும் 15 கிராம் 466. அவர்களுடைய குடல் நுண்ணுயிர்களின் வகைகள் குறைந்தன, சாப்பிட்டபின் வயிற்றில் ஒரு சங்கடம் கூடியது, சிலருக்குப் பாக்டீரியா கோழைப் படலத்துக்குள் நெருங்கியது. 15 கிராம் என்பது பெரிய அளவுதான், பேரும் குறைவுதான். இருந்தாலும் நான் 466-ஐ 471 அளவுக்குத் தோளில் தட்டிக் கொடுக்க மாட்டேன்.

471-க்கு எதிராகவும் ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை. பிரான்சில் 92,000 பேரைச் சராசரியாக 6.7 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2024-ல் வந்தது. அதில் 471-ஐ அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடப் புற்றுநோய் 15 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. தலைப்புச் செய்திகளில் இந்த 15 மட்டும்தான் வந்தது. 15 சதவீதம் என்றால் நூறில் பதினைந்து பேருக்குக் கூடுதலாக வரும் என்று அர்த்தமில்லை. ஒரு நோய் நூறில் பத்துப் பேருக்கு வருவதாக வைத்துக்கொண்டால், அது பதினொன்றரையாக ஆகும் என்று அர்த்தம்.

அந்தப் பதினொன்றரைக்கும் 471-தான் காரணமா? இது பார்த்துக்கொண்டே இருந்த ஆய்வு. கொடுத்துச் சோதித்த ஆய்வு இல்லை. 471 தனியாக வீட்டுக்கு வருவதில்லை. கேக், பிஸ்கட், பாக்கெட் ரொட்டி, உறைய வைத்த இனிப்பு என்று ஒரு கூட்டத்தோடு வருகிறது. புகை, எடை, சாப்பாட்டுத் தரம் போன்றவற்றை எல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நேர்மையாகச் செய்த வேலை. ஆனாலும் கழிக்க முடியாத மிச்சம் எப்போதும் இருக்கும், இதை வைத்துக் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள். அதில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், 471-ல் கவனிக்கவேண்டியது 471 அல்ல, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் அழுக்கு. எண்ணெயை அதிகச் சூட்டில் சுத்திகரிக்கும்போது கிளிசிடைல் எஸ்டர் போன்ற வேண்டாத பொருள்கள் உண்டாகின்றன. பனை எண்ணெயில் இவை கூடுதல். அந்த எண்ணெயில் செய்த 471-லும் இவை மிஞ்சியிருக்கலாம். 2017-ல் ‘கவலை இல்லை’ என்று சொன்ன அதே ஐரோப்பிய ஆணையம், இந்த அழுக்குகளுக்கும் ஈயம் போன்ற உலோகங்களுக்கும் வரம்பை இறுக்கச் சொன்னது. 2023-ல் அது அங்கே சட்டத்திலும் ஏறியது. செய்தியில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. ஆய்வகத்தில் நாங்கள் மூலப்பொருள் மூட்டை வந்தால் முதலில் கேட்டதே சான்றிதழில் இந்தப் பக்கத்தைத்தான்.

என் வீட்டில் என்ன செய்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். 471 போட்ட ரொட்டி வாங்குகிறேன். ஐஸ்கிரீம் சாப்பிடுகிறேன், வயசுக்கு மீறியே சாப்பிடுகிறேன். ஒரே பாக்கெட்டில் 471, 466, 433, கூடவே நாலைந்து நிறமும் மணமும் என்று வரிசை கட்டினால் திருப்பி வைத்துவிடுகிறேன். குரோன் நோய், பெருங்குடல் அழற்சி உள்ளவர்கள் மட்டும் என் பேச்சையும் கேட்காமல், உங்களைப் பார்க்கும் குடல் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நோய்களில் எமல்சிஃபையர்களைக் குறைத்துப் பார்க்கும் உணவுமுறைகள் இருக்கின்றன.

கேள்வி: என் மகளுக்கு சோயா ஒவ்வாமை. சாக்லேட்டில் ‘322’ என்று இருக்கிறது. அதுவும் 471 மாதிரிதானா?

பதில்: வேலையில் உறவு, ஆனால் உங்களுக்கு இது அதிமுக்கியம். 322 என்றால் லெசித்தின். பிரெஞ்சு வேதியியலாளர் தியோடர் கோப்லி 1840-களில் முட்டை மஞ்சள் கருவிலிருந்து பிரித்தெடுத்தது. ‘லெகிதோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மஞ்சள் கரு என்று பொருள். இன்றைக்கு ஆலைக்கு வருவது பெரும்பாலும் சோயா எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது அடியில் தங்கும் பிசுபிசுப்பான பழுப்புக் கூழ். சாக்லேட்டில் அரை சதவீதத்துக்கும் குறைவாகப் போட்டாலே உருகிய சாக்லேட் இளகி ஓடும். விலை அதிகமான கோக்கோ வெண்ணெயைக் குறைத்துக்கொள்ளலாம்.

அதில் சோயாப் புரதம் மிகமிகக் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சோயா ஒவ்வாமை உள்ள பலர் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள், சிலரால் முடிவதில்லை. உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று வீட்டில் சோதனை செய்து பார்க்கவேண்டாம். ஒவ்வாமை மருத்துவர் சொல்லும்வரை ‘சூரியகாந்தி லெசித்தின்’ என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். வெறும் 322 என்று இருந்தால் சோயா என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். கேக் ஜெல் போட்டால் பஞ்சு மாதிரி வருகிறது. பாதுகாப்பானதா? 471 பொடியையே நேராக வாங்கிப் போடலாமா?

பதில்: கேக் ஜெல்லின் முக்கிய ஆள் 471-தான். கூட 475, 477 போன்ற உறவுக்காரர்கள், தண்ணீர், சார்பிட்டால், சிலதில் புரோப்பிலீன் கிளைக்கால் (1520) இருக்கும். சொன்ன அளவில் போட்டால் கவலை இல்லை. சொன்னதைவிட இரண்டு மடங்கு போட்டால் என்ன ஆகும் என்றால், மாவு காற்றை அளவுக்கு மீறிக் குடித்துவிடும்; அடுப்பில் எழும்பி நடுவில் அமுங்கும், மேல் துண்டு உதிரும், நாக்கில் ஒரு வழுவழுப்பு நிற்கும். ஸ்பூனால் குத்துமதிப்பாக எடுக்காமல் தராசில் எடைபோடுங்கள்.

பொடியை நேராகப் போடும் யோசனையை விடுங்கள். நானே அந்தத் தப்பைச் செய்தவள். ஓய்வு பெற்ற புதிதில், மாதிரிக்கு வந்திருந்த பொடி கொஞ்சம் கையில் இருந்தது. ஆய்வகக்காரிக்குத் தெரியாததா என்று முட்டை, சர்க்கரையோடு தூவி அடித்தேன். அடிக்க அடிக்க அது மேலேயே மிதந்தது. கேக் வெந்து வந்ததும் என் பேரன் ஒரு கடி கடித்துவிட்டு, வாயிலிருந்து ஒரு வெள்ளை மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, “பாட்டி, இதில் மெழுகு இருக்கிறது” என்றான். 65 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும் பொருளைக் குளிர்ந்த முட்டையில் தூவினால் வேறென்ன ஆகும்? ஐஸ்கிரீம் ஆலையில் அந்த ராத்திரி மற்றவர்களைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

ஜெல்லில் அந்தப் பொடியை உருக்கி, தண்ணீரோடு மெல்லிய அடுக்குகளாக்கி, வேலைக்குத் தயாராக வைத்திருக்கிறார்கள். நாள்பட்டால் அந்த அடுக்கு குலைந்து ஜெல் கட்டியாகும், அல்லது மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். அப்படி ஆன ஜெல் உடம்புக்குக் கெடுதல் என்பதைவிட, வேலை செய்யாது. தூக்கிப் போடுங்கள். விற்பவர் என்பதால் இன்னொன்று: பெட்டியின் மேல் ஜெல்லில் உள்ள எண்களையும் எழுதுங்கள். வாங்குகிறவர்களில் மேலே கடிதம் எழுதிய சைவக்காரரும் இருக்கலாம், சோயா ஒவ்வாமைக் குழந்தையின் தாயும் இருக்கலாம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எமல்சிஃபையர் வேலை செய்வதைக் காட்ட ஒரு சோதனை சொல்லுங்கள் ஆன்ட்டி.

பதில்: இரண்டு டீ வடிகட்டி, இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு கடிகாரம் போதும். எமல்சிஃபையர் உள்ள ஐஸ்கிரீம் ஒன்று, பால், கிரீம், சர்க்கரை மட்டும் போட்டு வீட்டில் செய்தது ஒன்று. இரண்டிலும் ஒரே எடைத் துண்டை எடுத்து வடிகட்டியில் வைத்து, டம்ளர் மேல் நிறுத்து. விசிறியை அணைத்துவிடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டம்ளரில் எவ்வளவு சொட்டியிருக்கிறது என்று அளந்து எழுது.

ஒன்றை நினைவில் வை: கடை ஐஸ்கிரீமில் 412 (குவார் பசை) மாதிரி கெட்டிப்படுத்தும் பொருளும் இருக்கும், காற்றும் அதிகம். அதனால் முழு வித்தியாசத்தையும் 471-ன் கணக்கில் எழுதாதே, நடுவர் கேட்டால் மாட்டிக்கொள்வாய். சொட்டும் வேகத்தை மட்டும் பார்க்காமல் வடிகட்டியில் மிஞ்சுவதையும் பார். வீட்டில் செய்தது உருகி ஓடிவிடும், கம்பி வெறுமையாகத் தெரியும். மற்றதில் பனிக்கட்டி எல்லாம் உருகி வடிந்த பிறகும், வைத்த துண்டின் மூலை முனை கலையாமல் ஒரு வெள்ளை நுரைக் கட்டி நின்றுகொண்டிருக்கும். அதைத்தான் நடுவருக்குக் காட்டவேண்டும். கொழுப்பு பின்னிய வலை அது.